வேலை பார்க்கிற உடம்புக்கு எதுக்கு நீட்டி மடக்குறது?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நாற்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது, தினமும் ஐந்து நிமிடம் கை காலை நீட்டி நிமிர்த்தி விடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். பதில் கைவசம் இருக்கும். "நாள் பூரா நின்னு வேலை பார்க்கிற உடம்புக்கு எதுக்குங்க அதெல்லாம்? அது ஏசி ரூமுல உக்காந்து சம்பாதிக்கிறவங்க செய்யவேண்டியது." மில் வாசலில் இதைச் சொல்வார்கள். பால்கோவா அடுப்படியில் சொல்வார்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓடுகிற தறிக்கூடத்தில் சொல்வார்கள். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறவர்களும் இதையேதான் சொல்வார்கள். இத்தனை பேர் சொல்வதால் அது உண்மையாகிவிடாது. நான் பார்த்தவரை, இந்த வட்டாரத்தில் குறுக்கு வலியைக் குடும்பச் சொத்துபோல் காப்பாற்றி வைத்திருப்பதில் இந்த நம்பிக்கைக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு எடுத்து வைத்துவிட்டு மறுப்பதுதான் முறை. அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன்பின் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர் ஷிஃப்டுக்குத்தான் எழுகிறது, ஷிஃப்டுக்குத்தான் தூங்குகிறது. எட்டு மணி நேரம் சிமெண்ட் தரையில் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து தண்ணீர் பிடித்து உலை வைக்கிற பெண்ணிடம் போய் "உடம்பை அசைங்க" என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆரோக்கியம் பற்றிய நம்முடைய பேச்சு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனை நினைத்து உருவாக்கிய பேச்சு. விளம்பரத்தில் பாயை விரித்துப் புன்னகைக்கிற முகங்களில் மில் தொழிலாளி முகம் ஒன்றுகூடக் கிடையாது. அறிவியலும் ஓரளவு அவர்களுக்குத் துணை நிற்கிறது. 1953-ல் ஜெரி மாரிஸ் என்ற ஆய்வாளர் லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஒப்பிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாக இருந்தது. உழைக்கிற உடம்பு வாழ்கிற உடம்பு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

கோபம் நியாயமானது. சாட்சியும் பொய்யில்லை. அதிலிருந்து வந்து சேர்கிற முடிவுதான் தப்பு. ஏன் தப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. உழைப்பு உடம்பை அசைக்கிறது. எந்த எல்லை வரை அசைக்கிறது?

ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கிற பெண்ணை ஒரு பத்து நிமிடம் தள்ளி நின்று கவனியுங்கள். நூல் நூற்கிற ரிங் ஃப்ரேமின் நீளத்துக்கு நடக்கிறாள். நூல் அறுந்த இடத்தில் நின்று, தலையைக் குனிந்து, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவே முன்னால் நீட்டி ஒட்டுகிறாள். அடுத்த அறுந்த நூல். மறுபடி குனிவு, மறுபடி முன்கை. மேலே தொங்குகிற பாபின் தீர்ந்தால் கை ஒருமுறை தலைக்கு மேல் போகிறது, உடனே இறங்கிவிடுகிறது. இந்தப் பத்து நிமிடத்தில் அவள் கை ஒருமுறையாவது முதுகுக்குப் பின்னால் போனதா? இடுப்பு ஒருமுறையாவது பின்பக்கம் வளைந்ததா? மோவாய் ஒருமுறையாவது மேல் நோக்கி நிமிர்ந்து நின்றதா? எட்டு மணி நேரம் பார்த்தாலும் இதே விடைதான்.

பால்கோவா கிண்டுகிறவரைப் பாருங்கள். அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் பால் போச்சு. அனலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு தோள் மேலேறி ஒரு தோள் இறங்கி, ஒரே வட்டத்தில் கை சுழல்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிண்டுகிற தோள்பட்டைக்குக் கிடைத்தது தைலம். நைட்டி தைக்கிற பெண்ணுக்குக் கழுத்து ஊசியை நோக்கி முன்னால் போய்ப் போய், எழுந்து நிற்கும்போதும் அப்படியே நிற்கிறது. பேண்டேஜ் தறியில் இழை அறுந்தால் பாவின் மேல் கவிழ்ந்துதான் முடிச்சுப் போட முடியும்.

நான்கு தொழில், நான்கு ஊர். எல்லாவற்றிலும் கை முன்னால், தலை கீழே, முதுகு கூன். பின்பக்கம் என்று ஒன்று இந்தத் தொழில்களுக்குக் கிடையாது. பாதி மட்டும் திறந்து மூடுகிற கதவை நாளைக்கு ஆயிரம் தடவை ஆட்டினாலும், மீதிப் பாதிக்குக் கீல் இறுகித்தான் கிடக்கும். மூட்டும் அப்படித்தான். வருடக்கணக்காக அதன் முழு வீச்சுக்குப் போகாத மூட்டில் வீச்சு சுருங்கும். லண்டன் கண்டக்டர் படி ஏறியதால் அவருடைய இதயம் பிழைத்தது. அவரால் முதுகைச் சொறிய முடிந்ததா என்று மாரிஸ் கேட்கவில்லை. அவர் ஆராய்ந்தது இதயத்தை.

அந்த இதயக் கணக்கிலும் பிறகு ஒரு சிக்கல் வந்தது. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் 1,04,046 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2021-ல் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பவர்களுக்கு மாரடைப்பு, மரணம் இரண்டும் குறைவு. வேலையில் கடுமையாக உடம்பை அசைப்பவர்களுக்கோ அந்த லாபம் தெரியவில்லை. ஆபத்து கூடுதலாகவே தெரிந்தது. இது கண்காணிப்பு ஆய்வு. வேலைதான் கொல்கிறது என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. சம்பளம், சாப்பாடு, தூக்கம் என்று வேறு காரணங்கள் பின்னால் ஒளிந்திருக்கலாம். ஆனால் "வேலையே எக்சர்சைஸ்" என்கிற வாக்கியத்தை இனிமேல் யாரும் அத்தனை தெம்பாகச் சொல்ல முடியாது. வேலையில் எப்போது நிறுத்துவது, எப்போது பக்கம் மாற்றுவது என்று முடிவெடுப்பது உடம்பு இல்லை, மிஷின். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

2. "எங்க பாட்டி என்ன ஸ்ட்ரெச்சிங்கா செஞ்சா?"

செய்தாள். அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். விடிகாலையில் வாசலில் கோலத்துக்குக் குனிந்தாள். குத்தவைத்து உட்கார்ந்து பாத்திரம் விளக்கினாள். சம்மணம் போட்டுச் சாப்பிட்டாள், தரையில் கை ஊன்றாமல் எழுந்தாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் தினமும் பலமுறை முழுசாக மடங்கி முழுசாக விரிந்தன. அந்த வாழ்க்கை நம் கையை விட்டுப் போய்விட்டது. மேல்நாட்டுக் கழிப்பறை வந்தது, சாப்பாட்டு மேசை வந்தது, நின்று சமைக்கிற மேடை வந்தது. கல்யாண மண்டபத்தில் தரைப்பந்தி போட்டால் இன்று பாதிச் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளையார் முன்னால் நம் ஆட்கள் போடுகிற தோப்புக்கரணத்தைப் பார்த்திருக்கிறீர்களா? காதைப் பிடித்துக்கொண்டு முழங்காலை லேசாக ஒடித்துக் காட்டுகிறார்கள். பிள்ளையாரும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்கிறார்.

ஆக, பாட்டியைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அவள் என் பக்கம்தான் சாட்சி சொல்வாள். அவளிடம் இருந்த அசைவை எடுத்துவிட்டு அவளுடைய வசனத்தை மட்டும் வைத்துக்கொள்வது கணக்கில் உதைக்கிறது.

இங்கே இன்னொரு கூட்டத்தையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. "அந்தக் காலத்தில் யாருக்குமே மூட்டு வலி கிடையாது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள். சுந்தரபாண்டியத்தில் குழித்தறியில் வாழ்நாளைக் கழித்த முதியவர்களின் முதுகைப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். பழைய வாழ்க்கை சில மூட்டுகளுக்கு நல்லது செய்தது, சில மூட்டுகளைத் தின்றது. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் திரும்பக் கொண்டுவருவது என் கோரிக்கையில் இல்லை. மிக்சி இருக்கட்டும்.

3. "செஞ்சா ஒரு மணி நேரம் ஒழுங்காச் செய்யணும். அஞ்சு நிமிஷத்துல என்ன கிழிக்கப்போறோம்?"

கேட்பதற்குச் சிரத்தைபோல இருக்கிறது. நடைமுறையில் இது ஒன்றுமே செய்யாமலிருக்கக் கிடைத்த கௌரவமான சாக்கு. ஒரு மணி நேரம் என்ற கணக்கை யார் போட்டது? யோகா வகுப்பின் நேரம் ஒரு மணி. ஆசிரியருக்கு அது வசதி. உடம்பின் கணக்கு வேறு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2011-ல் வெளியிட்ட பரிந்துரையில், ஒரு நீட்டலில் பத்து முதல் முப்பது விநாடி நின்றால் போதும், வயதானவர்கள் முப்பது முதல் அறுபது விநாடி நிற்கலாம், ஒவ்வொரு நீட்டலுக்கும் மொத்தம் அறுபது விநாடி சேர்ந்தால் சரி என்று இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் குறைந்தபட்சம். தினமும் என்றால் பலன் கூடுதல். இறுகிக் கிடக்கிற இடம் ஐந்து, இடத்துக்கு ஒரு நிமிடம். ஐந்து நிமிடம் என்பது இப்படி வந்த கணக்கு. நான் இரக்கப்பட்டுக் குறைத்துக் கொடுத்த தள்ளுபடி இல்லை.

ஜப்பானியர்கள் இன்னும் கறாராகக் குறைத்துவிட்டார்கள். 1928-ல் அங்கே வானொலியில் ஒரு பயிற்சி ஒலிபரப்பாகத் தொடங்கியது. போரில் தோற்றபின் நின்றுபோய், 1951-ல் திரும்பி வந்தது. பியானோ இசைக்கு ஏற்ப மூன்று நிமிடம். பள்ளிக்கூடத்தில் செய்கிறார்கள், தொழிற்சாலையில் வேலை தொடங்குமுன் செய்கிறார்கள், கட்டடம் கட்டுகிற இடத்தில் தலைக்கவசத்தோடு வரிசையாக நின்று செய்கிறார்கள். உட்கார்ந்து சம்பாதிக்கிறவர்களின் சமாச்சாரம் என்று நாம் ஒதுக்கி வைத்ததை, அங்கே செங்கல் சுமக்கிறவர் வேலையின் முதல் காரியமாகச் செய்கிறார். அவர் உழைக்காதவரா?

4. "வயசாயிருச்சு, இனி எங்கிட்டு வளைய?"

இதற்கு நீளமான பதில் தேவையில்லை. சில வாரம் நீட்டிப் பழகியவர்களுக்கு வீச்சு கூடுவது தசை ரப்பர்போல் நீண்டுவிட்டதால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2010-ல் வெப்லர், மேக்னுசன் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, வேறு விளக்கம் பொருத்தமாக இருக்கிறது என்று காட்டினார்கள். முதலில் மாறுவது நரம்பின் சகிப்பு. இதுவரை "போதும், நிறுத்து" என்று கத்திய இடத்தில் உடம்பு கத்தாமல் இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. ஐம்பத்தைந்து வயதுத் தசை இளந்தளிராகப் போவதில்லை. ஆனால் ஐம்பத்தைந்து வயது நரம்புக்குப் பழக்கப்படுத்தினால் புரியும்.

5. "ஆரம்பிப்போம், நாலு நாள்ல விட்டுப்போகும்."

ஆமாம், விட்டுப்போகிறது. ஏன் என்று யோசித்துப் பார்த்தால் குற்றம் ஆளிடம் குறைவாகவும் அறிவுரையில் அதிகமாகவும் இருக்கிறது. "காலை ஐந்து மணிக்கு எழுந்து வெறும் வயிற்றில்" என்று தொடங்குகிற எந்த அறிவுரையும் ராஜபாளையத்துக்கு உதவாது. இந்த வாரம் பகல் ஷிஃப்ட், அடுத்த வாரம் அரை நைட், அதற்கடுத்த வாரம் முழு நைட் என்று சுற்றுகிற ஆளுக்குக் காலை ஐந்து மணி ஒரு வாரம் தூக்கம், ஒரு வாரம் புறப்பாடு, ஒரு வாரம் ரிங் ஃப்ரேம் முன்னால். கடிகாரத்தில் பழக்கத்தைக் கட்டினால் வாராவாரம் அறுந்துதான் விழும்.

ஷிஃப்ட் எதுவானாலும் மாறாமல் வருகிற காரியத்தில் கட்ட வேண்டும். மில்லிலிருந்து வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்குமுன். வீட்டில் பால் அடுப்பில் ஏறி இறங்குவதற்குள். தலைக்குத் தண்ணீர் ஊற்றித் துவட்டியதும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ்ஸுக்கு நிற்கும்போது. இவற்றில் ஏதாவது ஒன்று போதும்.

இரண்டாவது காரணம் நம் விரதப் புத்தி. எதையும் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், முறியாமல் செய்ய வேண்டும் என்று ஊறிப்போயிருக்கிறோம். மாலை போட்டவன் நடுவில் தவறினால் விரதம் முறிந்தது. ஆகவே ஒரு நாள் நீட்டி நிமிர்த்த விட்டுப்போனால், "சரி, முறிஞ்சுபோச்சு, அடுத்த தை பொறந்ததும் பார்ப்போம்." லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் அச்சேறிய ஆய்வு இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. ஒரு சின்னக் காரியம் யோசிக்காமலே நடக்கிற பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கு விரிந்தது. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் ஊன்றுவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களையும் இந்த எண்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன.

என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? வேலை எந்தப் பக்கம் வளைக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு அமைத்துக்கொள்ளலாம். முன்னால் குனிந்தே நிற்கிறவர் நிலைப்படியில் நின்று, இரண்டு முன்கைகளையும் இருபக்க நிலையில் பதித்து, ஒரு காலை முன்னால் வைத்து நெஞ்சை மெதுவாக வெளியே தள்ளட்டும். தோளின் முன்பக்கம் இழுக்கிறது தெரியும். இடுப்பில் கை ஊன்றிப் பின்னால் சாயட்டும். சிமெண்ட் தரையில் நடக்கிறவர் சுவரில் கை வைத்து ஒரு காலைப் பின்னுக்கு நீட்டி, குதிகாலைத் தரையை விட்டு எடுக்காமல் கெண்டைக்காலை இழுக்கட்டும். உட்கார்ந்து தைக்கிறவர் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி மற்றக் காலை முன்னால் வைத்து இடுப்பை முன்தள்ளினால், நாள் முழுக்க மடங்கியே இருந்த தொடைச்சந்து விரியும். பால்கோவா கிண்டுகிறவர் கையை நீட்டி, மணிக்கட்டை மேலும் கீழும் மற்றக் கையால் மடக்கி நிறுத்தட்டும். மூச்சை அடக்கக் கூடாது, வெட்டி வெட்டி இழுக்கக் கூடாது. இழுப்புத் தெரியலாம், சுரீர் என்று வலித்தால் நிறுத்த வேண்டும். கால் மரத்துப்போகிறது, வலி இடுப்பிலிருந்து பாதம் வரை இறங்குகிறது, கீழே விழுந்து அடிபட்டிருக்கிறது என்றால் இதைச் செய்துகொண்டிருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நடக்க முடியாமல் வீட்டில் கிடப்பவர்களுக்கு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது.

6. "பார்க்கிறவங்க சிரிப்பாங்க."

இதில் தர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லா வாதங்களையும்விட பலமானது இதுதான், குறிப்பாகப் பெண்களுக்கு. ஆண் தெருமுனையில் நின்று நெட்டி முறித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மருமகள் நிலைப்படியில் கையைப் பதித்து ஒரு நிமிடம் நின்றால், "மகாராணிக்கு என்னாச்சு?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்தக் குரலுக்கு உடம்பைப் பற்றி அக்கறை கிடையாது. ஒரு பெண் யாருக்கும் உதவாத ஒரு காரியத்தை, தனக்காக மட்டும், எல்லோரும் பார்க்கச் செய்கிறாளே என்பதுதான் அதன் ஆட்சேபம். டீக்கடை பெஞ்சில் அரைமணி நேரம் பேப்பர் படிக்கிற மகனிடம் அதே குரல் கணக்குக் கேட்டதுண்டா?

சேலையோடு செய்ய முடியாது, தனி உடை வேண்டும், பாய் வேண்டும் என்பதும் இதன் கிளைதான். மேலே சொன்னவற்றில் முழங்கால் ஊன்றுகிற ஒன்றைத் தவிர எதற்கும் தரைகூடத் தேவையில்லை. சுவரும் நிலைப்படியும் இல்லாத வீடு ராஜபாளையத்தில் எங்கே இருக்கிறது?

செய்யாமல் விட்டதன் விலையையும் இந்தக் குரல் சொல்வதில்லை. குறுக்குப் பிடித்துக்கொண்டால் முதலில் வாய்வு என்பார்கள், பூண்டை நசுக்கிக் கொடுப்பார்கள். கேட்கவில்லை என்றால் சுளுக்கு எடுப்பவர். அதற்குமேல் மெடிக்கலில் "மேல்வலி மாத்திரை ரெண்டு." சீட்டும் கிடையாது, கேள்வியும் கிடையாது. ஷிஃப்டுக்கு ஒன்று என்று வழக்கமாகிப்போன வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பது எந்த மருத்துவரும் சொல்கிற விஷயம். ஐந்து நிமிடம் நீட்டி நிற்பது வெட்கம், மாத்திரையை டிபன் பாக்ஸுக்குள் வைத்து எடுத்துப்போவது சகஜம். இந்த வரிசை எனக்குப் புரியவே இல்லை.

7. என் பக்கத்து ஆட்களிடமும் ஒரு மறுப்பு

நீட்டி நிமிர்த்தினால் சர்க்கரை இறங்கும், தொப்பை கரையும், ஆயுள் கூடும் என்று விற்கிறவர்கள் எதிர்த்தரப்பைவிட அதிகக் கெடுதல் செய்கிறார்கள். மூன்று மாதம் செய்துவிட்டுத் தொப்பையைத் தடவிப் பார்க்கிறவன் மொத்தத்தையும் பொய் என்று தூக்கிப்போட்டுவிடுவான். இது எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நீட்டினால் மறுநாள் வலி வராது என்பது விளையாட்டு மைதானங்களில் வேதவாக்கு. 2011-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கணக்குப் பார்த்தது: நூறு புள்ளி அளவுகோலில் வலி குறைந்தது சராசரியாக ஒரு புள்ளி அளவுக்குத்தான். தேறாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்குக் கேட்டது வாரத்துக்கு 150 நிமிட வேகநடை போன்ற அசைவு, இரண்டு நாள் தசைக்கு பலம் தரும் பயிற்சி. ஐந்து நிமிட நீட்டல் அந்தக் கணக்கில் சேராது. 2023-ல் தமிழக அரசு மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அமைத்து 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று அழைத்ததே, அது தனி வேலை, அதுவும் வேண்டும்.

இது தருவது ஒன்றே ஒன்று: மூட்டு போகவேண்டிய தூரத்துக்குப் போகும். முதுகுக்குப் பின்னால் கை எட்டும், உயரத்தில் இருக்கிற டப்பாவை எடுக்க முடியும், தரையில் உட்கார்ந்து எழ முடியும். ஐம்பது வயதில் இது சின்ன விஷயமாகத் தெரியும். எழுபதில், தனியாகக் குளிக்க முடிகிறதா இல்லையா என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

8. கடைசியாக நிர்வாகங்களின் வாதம்

"வேலையே எக்சர்சைஸ்தானே" என்பதைத் தொழிலாளி சொல்லும்போது அதில் களைப்பு இருக்கிறது. முதலாளி சொல்லும்போது லாபம் இருக்கிறது. வேலையே பயிற்சி என்றால் இடைவேளை எதற்கு, ஸ்டூல் எதற்கு, மிஷின் உயரத்தை ஆளுக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது எதற்கு? 1948-லேயே தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ம் பிரிவு, நின்றுகொண்டே வேலை பார்க்க வேண்டியவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி செய்ய வேண்டும் என்று எழுதியது. கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் கொடு என்று சொல்லத் தமிழ்நாடு 2021-ல் தனியாகச் சட்டத்திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. உட்காருகிற உரிமைக்கே எழுபது வருடப் பேச்சு.

இந்தக் கட்டுரையைக் காட்டி, "நாற்காலி வேண்டாம், அதான் நீட்டிக்கலாமாமே" என்று ஒருவர் சொல்லக்கூடும் என்பதால் முன்கூட்டியே மறுத்துவிடுகிறேன். மோசமான உயரத்தில் இருக்கிற மிஷினை ஐந்து நிமிட நீட்டல் சரிசெய்யாது. ஸ்டூலும் வேண்டும், உயரமும் சரியாக வேண்டும், நீட்டலும் வேண்டும். நீட்டல் தொழிலாளியின் சொந்த நேரத்தில், சைக்கிள் ஸ்டாண்டில் ஒளிந்து நடக்க வேண்டிய காரியமும் இல்லை. ஷிஃப்ட் மாறும்போது, சம்பள நேரத்துக்குள், மிஷின் பக்கத்திலேயே நடக்கட்டும். எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். அதில் கேட்பது ஐந்து, அதாவது நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும். முடியாது என்கிற நிர்வாகம் காரணத்தை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும், படித்துப் பார்ப்போம்.